ஒவ்வொரு முறையும் வேறு பிழை காட்டிய கணினி

விண்டோஸ் லோகோ வரும், புள்ளிகள் சுற்றும், அப்புறம் நீலத்திரை, மறுபடி ரீஸ்டார்ட். என் வீட்டுக் கணினி நான்கு நாள் இப்படியே கிடந்தது. குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன என்பதால் ரொம்பவே பதறிப்போனேன்.

தொடக்கம் தொடர்ந்து தோற்றால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அங்கே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸுக்குப் போய் 4ஐ அழுத்தினேன். மிகத் தேவையானவை மட்டும் ஓடும் சேஃப் மோட் வந்தது. முதல் வேலையாகப் படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்தேன்.

அதன்பிறகு இரண்டு மாலைகளை வீணாக்கினேன். முந்தைய வாரம் கிராபிக்ஸ் டிரைவரை (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்திருந்ததால் அதுதான் காரணம் என்று மனதில் பதிந்துவிட்டது. அதை நீக்கினேன், பழைய பதிப்பைப் போட்டேன், கடைசியாக வந்த விண்டோஸ் அப்டேட்டையும் நீக்கிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

நீலத்திரையில் வரும் பிழைப் பெயரை ஒரு தாளில் எழுதத் தொடங்கிய பிறகுதான் வழி தெரிந்தது. முதலில் 'மெமரி மேனேஜ்மென்ட்', அடுத்து 'ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', அதற்கடுத்து 'பேஜ் ஃபால்ட்'. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். இங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு. போதாததற்கு, மூன்றாம் நாள் சேஃப் மோடிலேயே நீலத்திரை விழுந்தது. இனி ரேமைத்தான் (கணினியின் தற்காலிக நினைவகம்) சந்தேகப்பட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனை குறை எதுவும் இல்லை என்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறொரு கணினியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். நல்ல ரேமில் ஒரு பிழைகூட வரக்கூடாது.

மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, இருந்த இரண்டு 8 ஜிபி ரேம்களையும் கழற்றினேன். ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தேன். ஒன்று சுத்தம், இன்னொன்றில் பிழை. அந்த இரண்டாவதை அடுத்த ஸ்லாட்டிலும் (ரேமைச் செருகும் இடம்) மாற்றிப் பார்த்தேன். இதைத் தவிர்க்காதீர்கள், ஸ்லாட் கெட்டிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அங்கேயும் பிழை வந்ததால், கெட்டது ரேம்தான் என்று உறுதியானது.

நல்ல ரேமை மட்டும் வைத்துக்கொண்டு, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையை ஓட்டினேன். சேதமான சில சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்தது. கெட்ட ரேம் இருக்கும்போது இதை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து, பழுதுபார்க்கும் கோப்பே அந்த ரேம் வழியாகத்தானே போகிறது!

அப்போதுதான் நகலெடுத்த படங்களின் நினைவு வந்தது. அவையும் அதே ரேம் வழியாகப் போனவை. திறந்து பார்த்தால், நகலில் மூன்று படங்கள் பாதியில் சாம்பல் நிறமாக உடைந்திருந்தன. மூலப் படங்கள் கணினியின் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி நகலெடுத்தேன்.