சலவைச் சோடாவா, ஆப்ப சோடாவா: அன்றாடப் பொருட்கள் பாடத்தைக் குழம்பாமல் படிக்க

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். (மத்திய அரசின் படிப்புதவித்தொகைத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குப் பாடக் கேள்விகள் வரும் தாளில் 90-க்கு 35 கேள்விகள் அறிவியல். அன்றாடப் பொருட்கள் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் படிக்காததால் அல்ல, ஒரே சாடையில் இருக்கும் இரண்டு பொருளை மாற்றிப் போடுவதால். சலவைச் சோடா–ஆப்ப சோடா (சமையல் சோடா), ஜிப்சம்–பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), சுட்ட சுண்ணாம்பு–நீற்றிய சுண்ணாம்பு, அசிட்டிலின்–எத்திலீன். பெயர், பண்பு, பயன் என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்தால் இந்த ஜோடிகள் தேர்வறையில் கலந்துதான் போகும். சூடாக்கினால் எது வெளியேறுகிறது, தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது என்ற இரண்டையும் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டுப் படித்தால் பயன் தானே பின்னால் வரும்.

ஜிப்சத்தைப் பாருங்கள். கால்சியம் சல்பேட் ஒன்றுக்கு நீர் மூலக்கூறு இரண்டு. 373 கெல்வினில் சூடாக்கினால் அதில் ஒன்றரை போய், மிச்சம் அரை. அதுதான் பாரிஸ் சாந்து. 172 கிராம் ஜிப்சம் 145 கிராம் சாந்தாகும். (373 டிகிரி செல்சியஸ் என்று எழுதினால் தவறு. செல்சியஸில் அது 100.) சாந்தில் தண்ணீர் விட்டால் போன நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜிப்சமாக இறுகும். இறுகும்போது சூடாகும், லேசாக விரியும். விரிவதால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். இறுகுவதால் எலும்பு முறிவுக்கட்டுக்கும், இப்படி நிரம்புவதால் சிலைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். செய்து பார்க்க ஒரு கப் தண்ணீரில் இரண்டு கப் தூளைத் தூவுங்கள். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஈரம் கண்ட பழைய பாக்கெட் சரியாக இறுகாது. கை விரலை உள்ளே வைத்து அச்செடுக்க விடாதீர்கள், சுட்டுவிடும். சிமெண்டில் ஜிப்சம் சேர்ப்பது மட்டும் இதற்கு நேர்மாறு: அங்கே அது இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஏற்ற இடம் இது.

சோடாவில் வேறுபாடு இன்னும் எளிது. சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட், படிகத்தில் பத்து நீர் மூலக்கூறு. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், அதில் படிகநீர் இல்லை. முன்னதைச் சூடாக்கினால் நீர் மட்டும் போகும். பின்னது கார்பன் டைஆக்சைடும் விடும். ஆப்பம் உப்புவதும் அதனால்தான். ஒரு கரண்டி ஆப்ப சோடாவைச் சோதனைக் குழாயில் சூடாக்கி, வளைகுழாயின் முனையைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் கலங்கும். முடிக்கும்போது முதலில் வளைகுழாயை வெளியே எடுக்க வேண்டும். தீயை முதலில் அணைத்தால் குழாய் குளிர்ந்து சுண்ணாம்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், சூடான கண்ணாடி விரிசல் விடும். மஞ்சள் தூள் தடவிய தாளில் சலவைச் சோடா கரைசல் நல்ல செம்பழுப்பு தரும், ஆப்ப சோடா மங்கலாகத்தான் மாற்றும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இந்தக் காரத்தன்மைதான்.

சுண்ணாம்பு நீரில் மேலும் மேலும் கார்பன் டைஆக்சைடு செலுத்தினால் கலங்கல் தெளிந்துவிடும். கரையாத கால்சியம் கார்பனேட், கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாறுகிறது. தெளிந்ததைக் கொதிக்க வைத்தால் மறுபடி வெள்ளை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் காய்ச்சும் குண்டானின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவு இதே வேதிவினை. தற்காலிகக் கடினத்தன்மையை (சோப்பு எளிதில் நுரைக்காத தன்மை, கொதிக்க வைத்தால் நீங்குவது) இங்கிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

அளந்தும் பார்க்கலாம். 2 கிராம் சோப்பைச் சீவி 100 மி.லி. வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் கரையுங்கள். நான்கு ஒரே அளவு பாட்டில்களில் 50 மி.லி. வீதம் கேன் தண்ணீர், போர் தண்ணீர், பத்து நிமிடம் கொதித்து ஆறி வடிகட்டிய போர் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டு வடிகட்டிய போர் தண்ணீர். ஊசி இல்லாத சிரிஞ்சால் சோப்புக் கரைசலை ஒவ்வொரு மி.லி.யாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் நிற்க எத்தனை மி.லி. ஆனது என்று எழுதுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் தற்காலிகக் கடினம். கொதித்த பிறகும் கேன் தண்ணீரைவிட அதிகம் கேட்பது நிரந்தரக் கடினம். சோதனை கெடுவது இரண்டு இடத்தில். கொதித்துக் குறைந்த அளவைக் கேன் தண்ணீரால் ஈடுகட்டாமல் விடுவது ஒன்று. உறையில் ‘பாத்திங் பார்’ என்று போட்ட கட்டியை வாங்குவது இன்னொன்று. அவற்றில் சிலவற்றில் டிடர்ஜென்ட் கலந்திருக்கும், கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றும். ‘டாய்லெட் சோப்’ என்று இருப்பதை எடுங்கள்.

இந்த மாவட்டங்களில் கூடுதலாக ஒன்று சொல்லித் தர வேண்டும். கொதிக்க வைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். கிருமிக்குச் சரி, ஃபுளூரைடுக்குத் தவறு: நீர் ஆவியாகி ஃபுளூரைடு அப்படியே நிற்கும், அடர்த்தி கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீரில்லாத இடத்தில் 1.5 வரை. ஃபுளூரைடு மிகுந்தால் பற்களில் பழுப்புக் கறை, எலும்பு பாதிப்பு (ஃபுளூரோசிஸ்) வரும் என்ற காரணத்தால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்தது.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றிய சுண்ணாம்பாக்கும் செயலை ஆசிரியர் மட்டும் செய்யட்டும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. பிளீச்சிங் பவுடரை எலுமிச்சையோடோ கழிவறை ஆசிட்டோடோ சேர்க்கவே கூடாது, குளோரின் வரும்.

அசிட்டிலின் ஜோடிக்குக் கிருஷ்ணகிரி மாம்பழம் போதும். கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலின். கல்லிலுள்ள ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசு காரணமாக, பழுக்க வைக்கக் கார்பைடுக்குத் தடை உண்டு. பழம் தானே வெளியிடுவது எத்திலீன். அந்த வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி இருக்கிறது.