சூரியப் புயலும் கொழும்பும்

சூரியப் புயல் என்று செய்தி வந்தாலே வெள்ளவத்தைக் கடற்கரையில் துருவ ஒளி, அதாவது துருவங்களை ஒட்டிய வானில் தோன்றும் வண்ண ஒளி, தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்குவதைக் காந்தப் புயல் என்கிறோம்; 2003க்குப் பிறகு மிகப் பெரியது வந்தது 2024 மே மாதத்தில்தான், லடாக்கின் ஹன்லே வானம்கூடச் சிவந்தது, ஆனால் நாம் இருப்பது பூமியின் இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த மத்தியகோட்டுக்குப் பக்கத்தில்.

சரி, அப்போ நமக்கு ஒன்றுமில்லையா? இருக்கிறது. சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், முக்கியமாக மார்ச், செப்டெம்பரை ஒட்டி, பொழுது பட்டதும் நம் தலைக்கு மேலே அயனமண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்துகள்கள் நிறைந்த அடுக்கில், மின்துகள் குறைந்த பெரிய குமிழ்கள் எழும்புகின்றன. அவற்றின் ஊடாக வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை நடுங்கும், சில வேளை அறுந்தே போகும். துல்லியமாக நிலம் அளப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. புயலே இல்லாத நாளிலும் நடக்கும். இதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.