மாமாவுக்கு இம்யூனோதெரபி: ஊசிக்கு முன்னும் பின்னும்

மாமா ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர். நுரையீரலில் புற்று என்று உறுதியானதும், உடம்பின் சொந்த நோய் எதிர்ப்புக் கலங்களைக் கொண்டே புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபி ஒத்துவருமா என்று பார்க்கலாம் என்றார் கண்டியில் பார்த்த டொக்டர்.

பயாப்ஸியில் எடுத்த சதைத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து வைப்பார்கள். அடுத்த பரிசோதனைகளெல்லாம் அதிலிருந்துதான். அதை எப்போது, எந்த லெபுக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். கேட்டு அலைவது பெரும்பாடு. முதலில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்களைத் தேடினார்கள். இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டாம். இல்லை. பிறகு பிடி-எல்1 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட புற்றுக் கலங்களில் இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று டொக்டர் படம் வரைந்து காட்டினார். புற்றை அடையாளம் கண்ட ரி கலம், அதாவது நோய் எதிர்ப்புக் கலம், பெருகித் தாக்கும். அதன் மேல் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. பிடி-எல்1ஐ வைத்துப் புற்று அதை மிதிக்கிறது. பெம்ப்ரொலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து அந்த மிதியைத் தடுக்கிறது. புற்றைக் கொல்ல வேண்டியது மாமாவின் சொந்தக் கலங்கள்தான்.

மாமா விடவில்லை. "பிரேக்க எடுத்துட்டா சரிங்க டொக்டர், எஞ்சினே செத்துக் கெடந்தா?"

சரியான கேள்வி என்றார் டொக்டர். ஓயாமல் புற்றோடு மோதும் ரி கலங்கள் களைத்துப் போகின்றன. களைத்தவற்றிலும் சில, ரிசிஎஃப்-1 என்ற புரதத்தோடு, இன்னும் பெருகும் சக்தியை வைத்திருக்கின்றன. மருந்துக்கு எழும்புபவை முக்கியமாக இவைதான். முற்றிலும் களைத்தவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று வழக்கமான ரிப்போர்ட்டில் வராது. பிடி-எல்1 கூடியவர்களிலும் சிலருக்கு மருந்து வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம். வீட்டில் எல்லாரும் அந்த சதவீதத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்; மாமா அன்றோடு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

தைரொயிட், ஈரல், சிறுநீரக இரத்தப் பரிசோதனைகள் முடிந்து மருந்து ஏற்றினார்கள். 200 மில்லிகிராம், 30 நிமிடம், 3 வாரத்துக்கு ஒருமுறை. அது லேசான வேலை. கவனம் வேண்டியது வீட்டில். பிரேக் விலகிய கலங்கள் குடல், தைரொயிட், நுரையீரலையும் தாக்கலாம்.

மாமாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியபோது, "தண்ணி ஒத்துக்கல" என்று அத்தை ஓமத் தண்ணீர் வைத்தார். நாங்கள் கிளினிக்குக்குப் போன் எடுத்தோம். உடனே வரச் சொன்னார்கள். ஸ்டீரொயிட் கொடுத்து, அடங்கும்வரை அடுத்த ஊசியைத் தள்ளி வைத்தார்கள். இப்படியான பக்கவிளைவு மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் மருந்தின் பெயரை எழுதி, தோட்டத்து டிஸ்பென்சரியிலும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம்.