அறிவிப்பு வந்துவிட்டது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

மாநகராட்சி, நகராட்சி வெளியிடுகிற செய்திகளை விடாமல் படிக்கிற ஆள் நான். மன்றக் கூட்டத் தீர்மானம், டெண்டர், கருத்துக் கேட்புக் கூட்டம், இலவச மருத்துவ முகாம், முதியோருக்கான வகுப்பு என்று எல்லாவற்றையும் படிப்பேன். படிக்கப் படிக்க எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றுதான். ஒரு திட்டத்தை அறிவித்ததோடு நகர நிர்வாகத்தின் வேலை முடிந்துவிடாது, அது யாருக்குத் தேவையோ அவர் காதில் விழுகிற வரை அந்தத் திட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் சிகாகோ. 1995 ஜூலையில் அங்கே கடுமையான வெப்ப அலை வந்து, வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக நிகழும் இறப்புகளுக்கு மேல் 700-க்கும் அதிகமானவர்கள் சில நாட்களிலேயே இறந்துபோனார்கள். இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று அந்த நகர நிர்வாகம் ஏற்கெனவே திட்டம் எழுதி வைத்திருந்தது, ஆனால் நேரத்துக்கு அதை யாரும் கையில் எடுக்கவில்லை. இறந்தவர்களில் நிறையப் பேர் தனியாக வசித்த முதியவர்கள். வெளியே போகப் பயந்து கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள், விசாரிக்க ஆள் இல்லாதவர்கள்.

1999-ல் மறுபடியும் வெப்ப அலை. இந்த முறை நிர்வாகம் காத்திருக்கவில்லை. குளிரூட்டிய இடங்களைத் திறந்து, அங்கே போவதற்கு இலவச பஸ் விட்டார்கள், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு போன் செய்தார்கள், போலீஸ்காரர்களும் நகர ஊழியர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். அப்போதும் சுமார் 110 பேர் இறந்தார்கள், அது சின்ன இழப்பு இல்லை. ஆனாலும் முந்தைய எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். இரண்டு வெப்ப அலைகளும் ஒன்றுபோல இல்லைதான், ஆனால் தேடிப் போனதால் பிழைத்தவர்கள் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால்தான் 'பொதுமக்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்' என்று முடிகிற அறிவிப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எப்படிப் பயன்படுத்துவது? வேலைக்குப் போகிறவர் வர முடியாத நேரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம், அதற்கான நோட்டீஸ் அலுவலக வாசலில் மட்டும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும், ஆனால் திட்டமோ இணையம் தெரியாத முதியவர்களுக்கு. வாக்கியம் ஒவ்வொன்றும் பத்திரப்பதிவு ஆவணம் மாதிரி நீண்டுகொண்டே போகும், கடைசித் தேதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அப்புறம், யாரும் வரவில்லை, மக்களுக்கு ஆர்வமில்லை என்று திட்டத்தையே மூடிவிடுவார்கள். ஆர்வமில்லை என்று சொல்லும் முன் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருவராவது கணக்கெடுக்க வேண்டாமா? நியூயார்க் நகரம் 2017-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, மக்களுக்கு நேரடியாகச் சேவை தரும் நகரத் துறைகள் அடிக்கடி பயன்படும் ஆவணங்களை ஆங்கிலம் தவிர 10 மொழிகளில் தர வேண்டும். செலவு பிடிக்கிற வேலைதான், ஆனால் அதையும் திட்டச் செலவாகவே பார்க்க வேண்டும்.

ஆர்வமில்லை என்ற பேச்சுக்கு நல்ல பதில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேவில் கிடைத்தது. 1989-ல் அந்த நகரம் பங்கேற்பு பட்ஜெட் என்ற முறையைத் தொடங்கியது. பகுதி பகுதியாக மக்கள் கூடி, தங்களுக்கு முதலில் வேண்டியது சாலையா, சாக்கடையா, பள்ளியா என்று பேசி வரிசைப்படுத்துவார்கள், தங்கள் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுப்பார்கள். வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும்படி கணக்கும் வைத்திருந்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொரு விஷயம்: போன ஆண்டு ஒப்புக்கொண்ட வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மக்கள் முன்னால் நின்று கணக்கு சொல்ல வேண்டியிருந்தது. கேட்டது நடக்கிறது என்று தெரிந்ததும் ஏழைப் பகுதிகளிலிருந்துதான் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1988-ல் 75 சதவீதமாக இருந்தது, 1997-ல் 98 சதவீதமானது. பிறகு 2011-ல் நியூயார்க்கிலும் 2014-ல் பாரிஸிலும் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள்.

எல்லா ஊரிலும் இது உடனே வந்துவிடாது, சரி. ஆனால் இப்போதே கேட்கக்கூடியவை உண்டு. கூட்டம் முடிந்த பிறகு வரும் செய்தியை விட, கூட்டத்துக்கு முன்னால் வரும் அஜெண்டா நூறு மடங்கு முக்கியம், அதை முதலில் கேளுங்கள். பட்ஜெட் தயாராவது எந்த மாதத்தில் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பட்ஜெட் நிறைவேறிய பிறகு கொடுக்கிற மனுவுக்குப் பெரும்பாலும் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்றுதான் பதில் வரும். கவுன்சிலரைப் பார்க்கும்போது, போன முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், வராதவர்கள் யார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது, இருந்தாலும் கேளுங்கள், அடுத்த முறை தேடி வைப்பார்கள்.

அப்புறம் நம் தெருவிலேயே தனியாக இருக்கிற பெரியவருக்கு அந்த நோட்டீஸைப் படித்துச் சொல்லி, விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து மட்டும் அவர் போட்டால் போதும்.