நான்கு மாதமாகியும் கரையாத நிழல்

அம்மாவுக்கு முதலில் வந்தது வெறும் இருமல்தான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்மடலில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. நிமோனியா என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்த இருமல் திரும்ப வந்தது. வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அப்புறம் காசநோயோ என்று சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. இப்படியே நான்கு மாதம் போய்விட்டது.

அந்த நான்கு மாதத்தில் அம்மாவுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் வெள்ளணுக்களும் கூடவில்லை. சளி மட்டும் தண்ணீர் போலத் தெளிவாக, நுரையோடு, நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தது. சிகரெட் புகையே படாதவர் என்பதால் புற்றுநோய் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

இரண்டாவதாகப் பார்த்த நுரையீரல் நிபுணர் முதலில் கேட்டது பழைய படங்களை. எல்லாவற்றையும் தேதி வாரியாக வரிசையில் வைத்துப் பார்த்தார். “நிமோனியா என்றால் ஆறு, எட்டு வாரத்தில் இந்த நிழல் பெரும்பாலும் கரைந்திருக்கணும். வயதானவர்களுக்குச் சில வாரம் கூடலாம். இது கரையவே இல்லை, மெதுவாக வளர்கிறது” என்றார்.

சி.டி. ஸ்கேனிலும் அது நிமோனியா போலவே இருந்தது. ஏன் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சில புற்றுநோய்கள் கட்டியாகத் திரளாமல், காற்றுப்பைகளின் சுவரை ஒட்டியே பரவுமாம். சுவர் இடியாது, பைகளுக்குள் சளி நிரம்பும். மூச்சுக்குழாய்கள் திறந்தே இருப்பதால் வெள்ளைத் திட்டுக்குள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். நிமோனியாவிலும் அதே கோடுகள்தான். பைக்குள் காற்று இல்லை என்று மட்டுமே படம் காட்டும். நிரம்பியிருப்பது சீழா, சளியா, புற்றணுவா என்று அதற்குத் தெரியாது.

புற்றணு இருந்தால் பெரும்பாலும் ஒளிர்ந்து காட்டும் பெட் ஸ்கேனில் அந்த இடம் அவ்வளவாக ஒளிரவில்லை. நாங்கள் நிம்மதியானோம். ஆனால் சளி நிறைந்த வகைப் புற்றுநோய் மங்கலாகவே தெரியக்கூடும், காசநோய் பளிச்சென்று தெரியக்கூடும், அதனால் இதை நம்பி விட முடியாது என்றார். பிராங்கோஸ்கோபியில், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும்போது, கழுவி எடுத்த நீரிலும் புற்றணு இல்லை. எனக்கு அதோடு விட்டுவிடலாம் என்றே தோன்றியது. அம்மா களைத்துப் போயிருந்தார். டாக்டர்தான் விடவில்லை: “சதையை எடுத்துப் பார்க்காமல் இதை முடிக்கக் கூடாதும்மா.”

ஸ்கேன் பார்த்தபடியே ஊசி செலுத்தி எடுத்தார்கள். ஊசி போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வந்தது: மியூசினஸ் அடினோகார்சினோமா, அதாவது அவர் சொன்ன அந்தச் சளி நிறைந்த வகை நுரையீரல் புற்றுநோய். தேடிப் படிப்பவர்களுக்கு ஒன்று: இந்த வகையைப் பழைய கட்டுரைகளில் பிராங்கியோலோ-ஆல்வியோலார் கார்சினோமா என்ற பெயரில் பார்ப்பீர்கள். 2011-இல் வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஒரே மடலோடு நின்றிருந்ததால் அந்த மடலை அறுவை செய்து எடுத்தார்கள். அம்மா இப்போது நிற்காமல் மாடி ஏறுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நிமோனியா என்று சொல்லி மருந்து முடிந்திருந்தால், சில வாரம் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இருமல் குறைந்திருந்தாலும் கேளுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் எக்ஸ்ரேயை நான் கிட்டத்தட்டக் குப்பையில் போட்டிருப்பேன். அது இல்லாமல் போயிருந்தால் நிழல் வளர்ந்ததை டாக்டரால் காட்டியிருக்கவே முடியாது.