கேஸ் தீர்ந்து போகாது

ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படிப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டு ஏ.சி.க்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேஸ் அடிக்க வேண்டும்? ஆறு மாதம் என்பான் ஒருவன், ஒரு வருஷம் என்பான் இன்னொருவன். வீட்டிலும் தெருவிலும் அவர்கள் கேட்டு வளர்ந்தது அதுதான். நான் பதில் சொல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் பிரித்து மாட்டி வைத்திருக்கும் ஏ.சி.யின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். கம்ப்ரசர், கண்டென்சர், கேப்பிலரி, கூலிங் காயில், திரும்பவும் கம்ப்ரசர். குழாய் எங்கேயாவது திறந்திருக்கிறதா என்று விரலை வைத்துத் தொடர்ந்து பார்க்கச் சொல்வேன். எங்கும் திறப்பு இல்லை. உள்ளே இருக்கும் கேஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, செலவாவதில்லை. குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மறுபடி கேஸ் ஏற்றுவது பழுது பார்ப்பதே ஆகாது.

பூமியைக் கெடுக்காமல் முன்னேறுவதை, 'நிலைத்த வளர்ச்சி' என்று புத்தகங்களில் வருவதை, என் மாணவர்களுக்கு நான் அந்தக் குழாயிலிருந்துதான் தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் அது தேர்வுக்குப் படிக்கும் பாடமாகிவிடுகிறது.

பழைய ஸ்பிளிட் ஏ.சி.க்களில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். ஓசோன் படலத்தை அரிக்கும், பூமியையும் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 ஏற்படுத்தும் வெப்பம், ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஏற்படுத்தும் வெப்பத்துக்குச் சமம். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் யாரும் அசைவதில்லை. அதனால் கணக்காகப் போடச் சொல்வேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றின் கேஸை, சுமாராக ஒரு கிலோ, மொட்டை மாடியில் நின்று நட்டைத் தளர்த்திக் காற்றில் விட்டால், அந்த ஸ்கூட்டரை ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம். விடை வந்ததும் வகுப்பில் யாராவது ஒருவன் மறுபடி போட்டுப் பார்ப்பான். அப்புறம்தான் பேச்சு வரும்: "சார், எங்க மாமா டெய்லி ரெண்டு மூணு யூனிட் கழட்டுறாரே?"

அந்த மாமாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேஸைத் திரும்பப் பிடிக்கும் ரெக்கவரி மெஷினை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அன்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்துபோயிருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டது 1985-இல். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனை அரிக்கும் பொருள்களைக் குறைக்கும் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்கும் கேஸ்களையும் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை 2021-இல் ஏற்றுக்கொண்டது. 2028-இல் அந்தக் கேஸ்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வந்துவிடும், 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆர்-22 வகையைப் பொறுத்தவரை, புதிய கருவிகளில் அதை நிரப்பித் தயாரிப்பது 2025 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பராமரிக்க மட்டும் இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும்.

ஏ.சி. செய்யும் தொழிற்சாலைகள் எண்ணிவிடும் அளவில்தான் இருக்கின்றன. எந்தக் கேஸை நிரப்புகின்றன என்று அரசு போய்ப் பார்த்துவிடலாம். வெளியே வந்த ஏ.சி. பத்துப் பன்னிரண்டு வருஷம் யார் யார் கையிலோ திறந்து மூடப்படுகிறது. அங்கே எந்த அதிகாரியும் இருப்பதில்லை. நான்காவது மாடி சன்ஷேடில் ஒரு காலை ஊன்றி, கையில் ஸ்பேனரோடு நிற்கும் இருபத்தொரு வயதுப் பையன்தான் இருக்கிறான். உலக நாடுகள் போட்ட உடன்பாடு காப்பாற்றப்படுவதும் மீறப்படுவதும் அவன் கையில் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கைக்குப் பயிற்சி கொடுப்பதை ஏதோ படிப்பு வராத பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்று இன்றும் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிற்சி என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேக்குவம் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை இணைத்தபின் உள்ளே காற்றும் ஈரமும் மாட்டிக்கொண்டிருக்கும். ஈரம் எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருளைத் தின்றுவிடும். காற்று மாட்டிக்கொண்டால் பிரஷர் ஏறும், கரண்ட் பில்லும் ஏறும். இரண்டையும் வெளியேற்ற வேக்குவம் பம்ப்பை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரான் (வேக்குவத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்க வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டு, முள் ஏறுகிறதா என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல், கேஸையே லேசாகத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடும் பழக்கம் ஒன்று தெருவில் இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு ஏ.சி. குளிரவும் செய்யும். வித்தியாசம் மூன்று வருஷம் கழித்து, கம்ப்ரசர் போகும்போது தெரியும். அப்போது செய்தவன் யார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி ஒழுகலைத் தேடும் லீக் டெஸ்டும் அப்படித்தான். நைட்ரஜன் சிலிண்டர் கைவசம் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயும் அழுத்தத்தில் போகும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், ஆளையே கொன்றுவிடும். இதை நான் எழுத்தில் மட்டும் விடுவதில்லை. இரண்டு சிலிண்டரையும் பக்கத்தில் நிறுத்தி, நிறம், வால்வு, எழுத்து மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் ரெகுலேட்டரைத் தொட விடுவேன். இப்போது ப்ரொப்பேன், அதாவது ஆர்-290 நிரப்பிய ஏ.சி.யும் வீடுகளுக்கு வந்துவிட்டது. வெப்பமாக்கும் திறனில் ஒற்றை இலக்கம்தான், அந்த வகையில் அருமையான கேஸ். ஆனால் எரியும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும், காற்றில் 2.1 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். பழைய பழக்கத்தில் குழாயில் கேஸ் மிச்சமிருக்கும்போதே வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூமிக்கு நல்ல கேஸ், பயிற்சியில்லாத மெக்கானிக்கின் உயிருக்கு உலை வைக்கும். பசுமைத் தொழில்நுட்பம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குளிர்பதனம் என்றால் பணக்கார வீட்டுப் படுக்கையறை என்று நினைத்துவிடவும் கூடாது. என்னிடம் படித்தவர்களில் சிலர் பால் சேகரிப்பு நிலையங்களில் பல்க் கூலர், அதாவது பாலைக் குளிர்விக்கும் பெரிய தொட்டி, பார்க்கிறார்கள். கறந்த பாலைச் சீக்கிரம் நான்கு டிகிரிக்குக் கொண்டுவராவிட்டால் அந்தக் கிராமத்தின் அன்றைய வருமானம் புளித்துப்போகும். இன்னொருவர் தடுப்பூசிக் கிடங்கில் இருக்கிறார். அங்கே பெரும்பாலான மருந்துகளுக்கு இரண்டிலிருந்து எட்டு டிகிரி, அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மீன் கெடாமல் இருப்பது ஐஸ் பிளான்ட்டில் நிற்கும் ஆளைப் பொறுத்தது. உணவு வீணாகாமல் இருப்பதும், குழந்தைக்குப் போடும் ஊசி பலிப்பதும் வளர்ச்சி இல்லையென்றால் வேறு எது வளர்ச்சி?

இதை மேலிடங்களில் உணரவில்லை என்று சொல்ல முடியாது. 2004 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டம், தொழிற்கல்வியையும் நிலைத்த வளர்ச்சியையும் நேரடியாக இணைத்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. 2015-இல் நிலைத்த வளர்ச்சிக்காக ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் நான்காவது இலக்கு, கட்டுப்படியாகும் செலவில் தரமான தொழிற்கல்வி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2019-இல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், குளிர்பதன சர்வீஸ் துறையில் ஒரு லட்சம் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று 2022-23-க்குள் முடிக்கும் இலக்கை வைத்தது. நம் ஊர் அரசு ஐ.டி.ஐ.க்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. என் வகுப்பில் பல பிள்ளைகள் பாதியில் நிற்காமல் படிப்பை முடிப்பதற்கு அந்த 750 ரூபாயும் பஸ் பாஸும் காரணம். இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த படி. நன்றாகப் படித்து, வேக்குவம் போடாமல் கேஸைத் தொடவே மாட்டேன் என்று இருந்த பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் போன் செய்தான்.

"சார், இங்க ஒரு சர்வீஸ் காலுக்கு இவ்வளவுன்னு காசு. நான் வேக்குவம் போட்டு முடிக்கிறதுக்குள்ள கூட வர்ற அண்ணன் அடுத்த வீட்டுக்குப் போயிடுறாரு. மாசக் கடைசியில என் கையில பாதிதான் நிக்குது."

"கம்பெனியில பம்ப் கொடுத்திருக்காங்களாப்பா?"

"ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு சார். பைக்ல தூக்கிட்டு மாடி ஏற முடியாதுன்னு யாரும் எடுக்கறதில்ல."

அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சரியாகச் செய்பவன் நஷ்டப்படும்படி கூலி முறை இருந்தால், இரண்டு வருஷம் நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். ஐ.டி.ஐ.யில் புது மெஷின் வாங்குவதைப் பற்றி எவ்வளவு பேசுகிறோமோ, அதே அளவுக்கு இதைப் பற்றியும் பேச வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதை மாற்றி, செய்த வேலைக்குக் கூலி என்று வர வேண்டும். வேக்குவம் போட்ட அளவு, ஏற்றிய கேஸின் எடை, லீக் இருந்த இடம் மூன்றும் பில்லில் எழுதப்பட்டால் போதும், அந்தப் பையன் தலைநிமிர்ந்து வேலை செய்வான். வீட்டுக்காரர்களும் இதைக் கேட்கலாம். 'எங்கே ஒழுகியது, எத்தனை கிராம் ஏற்றினீர்கள்' என்று கேட்பவர் வீட்டில் யாரும் பிரஷர் கேஜை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காமல், பதினைந்து வயதில் ஹெல்ப்பராகப் போய், அடிபட்டுத் தொழில் கற்றவர்கள். சர்வீஸ் துறையைத் தாங்குவதில் பெரும் பங்கு அவர்களுடையது. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் குறுகிய பயிற்சிகள் நடத்தியபோது நானும் இருந்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் மைக்ரான் கேஜை முதன்முறையாகக் கையில் வாங்கி, முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷமா சத்தத்தை வெச்சுத்தான் சார் கண்டுபிடிச்சேன்" என்றார். அவர் காதை வைத்துச் சொல்லும் கம்ப்ரசர் பழுதை எங்கள் மாணவர்களால் மீட்டர் வைத்தும் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் வரை அவரை அனுப்பாமல் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். அவருக்குச் சான்றிதழ் கொடுப்பதோடு, அவரை வகுப்பெடுக்க அழைத்து மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் மனதை அதிகம் அரிப்பது, ஏ.சி.யிலிருந்து பிடித்தெடுத்த கேஸை எங்கே கொடுப்பது என்ற கேள்வி. மாணவர்களுக்கு ரெக்கவரி மெஷினில் கேஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். வெளியே போனால் அதை வாங்கிக்கொள்ள எங்கள் ஊரில் ஓர் இடமும் இல்லை. இரண்டு வகைக் கேஸ் ஒரே சிலிண்டரில் கலந்துவிட்டால் அப்படியே திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. கடைசியில் அது காற்றுக்கே போகிறது. ஊருக்கு ஊர் ஐ.டி.ஐ. இருக்கிறது, ஒர்க்‌ஷாப், எடை பார்க்கும் கருவி, சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மதியம் அந்த ஒர்க்‌ஷாப்பைச் சுற்று வட்டார மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? பிடித்த கேஸை வகை பிரித்துக் கொடுக்கட்டும், மெஷினை வாடகையில்லாமல் எடுத்துப்போகட்டும், எங்கள் பிள்ளைகள் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதட்டும். எங்கள் ஐ.டி.ஐ. முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேவைப்படுவது மாடி ஏற்றும் எடையில் இரண்டு ரெக்கவரி மெஷின், வகைக்கு ஒன்றாகச் சிலிண்டர், கேஸ் கசிவை உணரும் கருவி ஒன்று, நிரம்பிய சிலிண்டரைச் சென்னையில் சுத்திகரிக்கும் இடத்துக்கு அனுப்ப வண்டிச் செலவு. மாணவர்களில் யார் எந்த வாரம் நிற்பது என்ற பட்டியலை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.