எங்கள் ஊர்ப் பதிவேடும் சித்தப்பாவின் எச்சிலும்

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் இந்தப் பெயர் இல்லாத தெரு கிடையாது. வெளியூரில் படித்தபோதும் வேலை பார்த்தபோதும் "உங்க பூர்வீகம் போர்ச்சுகலா?" என்று கேட்காதவர்கள் குறைவு. வீட்டிலேயே பெரியப்பா, "நமக்குள்ள பறங்கி ரத்தம் ஓடுது" என்று பெருமையாகச் சொல்வார். அவருக்குக் கொஞ்சம் பூனைக்கண். அவர் காட்டும் ஆதாரமும் அதுதான்.

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1530களில் எங்கள் சமூகமான பரதவரின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அதைத் தொடர்ந்து கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றாக ஞானஸ்நானம் பெற்றன. 1542இல் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கியபோது அவர் கண்டது ஞானஸ்நானம் பெற்றும் செபம் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத மக்களை. தலையில் தண்ணீர் ஊற்றிய கையே பெயரையும் கொடுத்தது. பர்னாந்து, ரோச், மச்சாடு, வாஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். அந்தப் பெயர் இருப்பதாலேயே போர்த்துகீசியப் பாட்டனார் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னால் கேட்கவில்லை. சரி, சோதித்தே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் நானே டிஎன்ஏ சோதனை செய்தேன். தென்னிந்தியா, இலங்கை என்று வந்தது. ஐரோப்பா என்று ஒரு துளியும் இல்லை. ஆனால் இதை வைத்துப் பெரியப்பாவின் வாயை அடைப்பது நியாயமில்லை. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக்கொண்டே வரும் கணக்கு இது. 1540களுக்கும் நமக்கும் நடுவே பதினைந்து தலைமுறை என்று வைத்தால், அந்தப் படியில் மூதாதையர் இடங்கள் 32,768. அதில் ஒருவர் பறங்கியாக இருந்திருந்தாலும் அவருடைய துண்டு ஒன்றுகூட என்னிடம் வந்து சேராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

குடும்பப் பெயர் ஆண் வழியில் வருவது. தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போவது ஒய் குரோமோசோம். பெண்ணான என்னிடம் அது இல்லை. ஆகவே சித்தப்பா. எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் எதுவும் மெல்லக்கூடாது என்றதும் வெற்றிலைப் பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, குழாயை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். முடிவு எச் என்ற பிரிவு. பெரும்பாலும் நம் தெற்காசியாவிலேயே காணப்படுவது அது. எங்கள் ஆண் வழி இந்த மண்ணின் வழிதான். பெரியப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் மறுநாள் அவரே போன் செய்து, "அப்ப நாம யாரு வழின்னு பாத்துச் சொல்லு" என்றார்.

அதற்கு எச்சில் போதாது. பங்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். பங்குத்தந்தை அனுமதி கொடுத்தார். கோயில் வேலைகளில் அவருக்கு உதவும் உபதேசியார் பீரோவைத் திறந்துவிட்டார். பார்க்கக் கிடைத்த மிகப் பழைய ஏடு 1840களைச் சேர்ந்தது. இயேசு சபையினர் 1838இல் மதுரை மிஷன் என்ற தங்கள் பழைய மறைபரப்புப் பகுதிக்குத் திரும்பி வந்த பிறகு தொடங்கியது. எல்லாம் லத்தீன். உப்புக்காற்றில் தாள் பழுப்பேறி, மை அழுத்திய இடங்களில் எழுத்தே ஓட்டையாகிவிட்டது. லத்தீன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும்: தேதி, பிள்ளை பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் கையெழுத்து.

சிக்கல் பெயரில்தான். மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். இக்னாசியின் மகன் மிக்கேல், மிக்கேலின் மகன் இக்னாசி, அப்புறம் மறுபடியும் மிக்கேல். எல்லோரும் பர்னாந்து. ஒரே பத்தாண்டில் ஞானஸ்நானம் பெற்ற மிக்கேல் பர்னாந்துகளை வரிசையாக நிறுத்தினால் எங்கள் மிக்கேல் யார் என்று எப்படிச் சொல்வது? வீட்டுப் பட்டப்பெயரைக் குருக்கள் எழுதவில்லை. உபதேசியார்தான் வழி சொன்னார்: "ஞானப்பெற்றோரைப் பாருங்கம்மா. அது வெளியாள் கிட்ட போகாது." அவர் சொன்னது அப்படியே பலித்தது. பிள்ளையைக் கையில் ஏந்தியவர்கள் தாய்மாமன், அத்தை, பெரியம்மா என்று ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே வந்தார்கள். குடும்பப் பெயர் காட்டாத உறவை அந்தப் பத்தி காட்டிக்கொடுத்தது. நோட்டில் வட்டமும் கோடுமாகப் போட்டு இக்னாசி, மிக்கேல் வரிசையை 1840கள் வரை கொண்டு போய்விட்டேன்.

இதற்கிடையில், என்னோடு டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்களின் பட்டியலில் டொராண்டோவில் இருக்கும் ஒரு பெண் வந்தார். கொழும்புக் குடும்பம். எங்களுக்குள் 190 சென்டிமார்கன் ஒத்துப்போனது. பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு அது; எண் கூடினால் உறவு நெருக்கம். எங்கள் இருவருடைய தாத்தா பாட்டிகளில் யாராவது உடன்பிறந்தவர்களாக இருந்தால் வருகிற அளவு 190. ஆனால் எங்கள் தாத்தா பாட்டிகளுக்குக் கொழும்பில் உடன்பிறப்பு யாரும் இல்லை.

விடை பூட்டனாரின், அதாவது தாத்தாவுடைய அப்பாவின், தங்கை அன்னம்மாளின் ஞானஸ்நானப் பதிவில், ஓரத்தில் இருந்தது. 1908 முதல் யாருக்குத் திருமணம் நடந்தாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் வந்தது. பொடி எழுத்தில் மாப்பிள்ளை பெயர், 1911, கொழும்பு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓடிய காலம், அங்கே வியாபாரத்துக்குப் போன பரதவர் பலர். ஆனால் பூட்டனாரின் தங்கை வழி என்றால் சராசரியாக எழுபதுக்குச் சற்று மேல்தான் வர வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது?

திருமண ஏட்டில் பூட்டனாரின் கல்யாணத்தைத் தேடினேன். 1910. மணப்பெண் அந்தக் கொழும்பு மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். அதன் கீழேயே, இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு ஆயரின் விலக்கு பெறப்பட்டது என்று ஒரு வரி. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல்தான் உருவானது, அன்றைக்கு நாங்கள் திருச்சி ஆயருக்குக் கீழே. இரண்டாம் படி என்றால் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. நமக்கு உரிமை, திருச்சபைக்குத் தடை. அந்தத் தடையால்தான் உறவு எழுத்தில் நின்றது! அண்ணன் தங்கை இரண்டு சோடியும் முறைப்பிள்ளைகள் என்றால் கணக்கு எழுபதைத் தாண்டி ஏறத்தானே செய்யும்.

அந்த டொராண்டோப் பெண் எனக்குத் தங்கை முறை. அவர் வீட்டில் அன்னம்மாள் "இந்தியாவிலிருந்து வந்த பாட்டி", அவ்வளவுதான். ஊர் தெரியாது, பெற்றோர் பெயர் தெரியாது. பதிவைப் படமெடுத்து அனுப்பினேன். அவருடைய அம்மா வீடியோ அழைப்பில் வந்து ஞானத்தாய் பெயரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அவருடைய மூத்த அக்காவுக்கும் அதே பெயராம்.

இப்போது அவர்கள் 1911 திருமணப் பதிவைக் கொழும்பில் தேடுகிறார்கள். என் நோட்டில் 1840களின் இக்னாசியுடைய ஞானத்தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் வேம்பார் என்று ஊர் எழுதியிருக்கிறது. அங்கே பங்குத்தந்தையிடம் பேசியாயிற்று, கோடை விடுமுறையில் சித்தப்பாவும் கூட வருகிறார்.